‘ஓய்வு’ என்று தலைப்பு போட்டால் எதை நம்புவது?

நவம்பர் 12, 2025

ஒரு வாசகர் கேட்டது: “ரொனால்டோ ஓய்வை அறிவித்துவிட்டார் என்று காலையிலிருந்து நான்கு இடத்தில் பார்த்துவிட்டேன். உள்ளே போய்ப் படித்தால் 2026 உலகக் கோப்பைதான் கடைசி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். ஓய்வுச் செய்தி என்று வந்தாலே பொய் என்று வைத்துக்கொள்ளலாமா? விளையாட்டு ஊடகத்தில் யாரையாவது நம்ப முடியுமா?”

நவம்பர் 12, இரவு

எல்லாமே பொய் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம், ஆனால் அதுவும் சரிவராது. ரொனால்டோ விஷயத்தில் யாரும் கதை கட்டவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தொகுப்பாளர் பியர்ஸ் மோர்கனுக்குக் கொடுத்த பேட்டியில், எப்போது ஓய்வு என்ற கேள்விக்கு ‘விரைவில்’ என்றார். அந்த ஒரு சொல் உலகம் முழுக்க ஓடியது. இப்போது அதே மனிதர், விரைவில் என்றால் ஒன்றிரண்டு வருடம் என்கிறார், 2026 தனக்குக் கடைசி உலகக் கோப்பை என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த உலகக் கோப்பையில் அவருக்கு வயது 41. அந்த வயதில் ஒருவர் இதுதான் என் கடைசி உலகக் கோப்பை என்றால் அது செய்தியா, பஞ்சாங்கமா?

2024-ல் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவிலும் இதே கூத்துதான். இது என் கடைசி யூரோ என்றார், தலைப்பில் ‘யூரோ’ மட்டும் உதிர்ந்துபோய் ‘ரொனால்டோ விடைபெறுகிறார்’ ஆனது. விடைபெற்றவர் 2025 ஜூனில் நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கோல் போட்டு, கோப்பையும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் 2016-லிருந்து 2019 வரை ஒரு செய்தி நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். பெயர் வேண்டாம். ஆகவே பேசுவது பாதிக் குற்றவாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 13

“வீரரே தன் வாயால் சொன்னால் மட்டும் நம்பு, மற்றதை விடு” என்று இன்னொருவர் வழி சொல்கிறார். நல்ல வழி மாதிரித்தான் தெரிகிறது. மெஸ்ஸியை என்ன செய்வீர்கள்?

2016 ஜூன், தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா இறுதிப் போட்டி, சிலிக்கு எதிராகப் பெனால்டியில் தோல்வி, அதில் மெஸ்ஸி அடித்தது வானத்துக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் நேராகத் தொலைக்காட்சி மைக்கில், தேசிய அணியோடு தன் கணக்கு முடிந்துவிட்டது என்றார். இதைவிட நேரடியான ஆதாரம் எங்கே கிடைக்கும்? நெருங்கிய வட்டாரம் கிடையாது, முகவர் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, கை நடுங்க அடித்தேன்: ‘சர்வதேசக் கால்பந்திலிருந்து மெஸ்ஸி ஓய்வு.’ ஒரு எழுத்து பொய் இல்லை. அப்புறம் ஒரு வருடம் போல ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தார், 2021-ல் கோபா, 2022-ல் உலகக் கோப்பை. இப்போது சொல்லுங்கள், என் செய்தி சரியா தப்பா?

நவம்பர் 13, சற்றுப் பிறகு

இதுவும் சேர்ந்துகொள்ளட்டும். போலந்து கோல்கீப்பர் ஷ்செஸ்னி 2024 ஆகஸ்ட் 27 அன்று ஓய்வு என்று தானே எழுதிப் போட்டார். அக்டோபர் 2 அன்று பார்சிலோனாவில் கையெழுத்து. 36 நாள். சில பேர் இதைவிட நீளமாக விடுப்பு எடுக்கிறார்கள்.

இரண்டு நாளும் வந்த செய்தி சரிதான். அதுதான் தொல்லை.

நவம்பர் 14

‘பெரிய பத்திரிகையாகப் பார்த்து நம்பு’ என்பவர்களுக்கு. இதில் எனக்கு நேரடியாக அவமானம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளும்.

2020 அக்டோபர். அப்போது நான் அந்த வேலையை விட்டாயிற்று. பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பேசிய ஏதோ பேச்சால் மனம் நொந்து போக்பா பிரெஞ்சு அணியிலிருந்து விலகிவிட்டார் என்று ஒரு செய்தி. முதலில் மத்திய கிழக்கின் சில இணையதளங்களில் வந்தது. பிரிட்டனின் ‘தி சன்’ அதை எடுத்துப் போட்டது. அது போட்டவுடன் மற்றவர்கள் ‘தி சன் செய்தியின்படி’ என்று போட்டார்கள். நான் பார்த்தபோது ஏழெட்டு இடத்தில் இருந்தது, ஏழெட்டு பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று பழைய சகாக்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன், கூடவே மக்ரோனைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் வேறு. ஒரு பழைய சகா கேட்டான், இதில் போக்பா சொன்னதாக ஒரு வாக்கியம் எங்கேயாவது இருக்கிறதா என்று. தேடினேன். இல்லை. ஏழெட்டு செய்தியிலும் இல்லை. ஏழெட்டு செய்தி என்று நான் எண்ணியது ஒரே செய்தியை ஏழெட்டு தடவை எண்ணியது.

கொஞ்ச நேரத்தில் போக்பாவே ‘தி சன்’ பக்கத்தைப் படமெடுத்து அதன் மேல் பொய்ச் செய்தி என்று முத்திரை குத்திப் போட்டார், வழக்குத் தொடுப்பேன் என்றும் சொன்னார். அடுத்த வருடம் யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு கோல் போட்டாரே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழுவில் போட்ட பிரசங்கம்தான் ஞாபகம் வரும். அதை அழித்துவிட்டேன். யாரோ படமெடுத்து வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரும்.

வெட்கப்பட வேண்டியது எதற்கு என்றால், மூன்று வருடம் இதே வேலை பார்த்தவன் நான். மூலம் எங்கே என்று பார்க்க எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்கத் தோன்றவில்லை. செய்தி எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 16

திருத்தம். மெஸ்ஸி ‘ஒரு வருடம் போல’ ஒதுங்கியிருந்தார் என்று 13-ஆம் தேதி எழுதியது தவறு. ஒரு வாசகர் பிடித்துவிட்டார். அவர் அப்படிச் சொன்னது ஜூன் 26, திரும்பி வருகிறேன் என்று அறிவித்தது ஆகஸ்ட் 12. மொத்தம் 47 நாள். செப்டம்பர் 1 அன்று உருகுவேயோடு ஆடி, அவர் கோலில்தான் அர்ஜென்டினா 1-0 என்று ஜெயித்தது.

இன்னும் தோண்டினால் வேடிக்கை அதிகம். அந்த இடைவெளியில் அர்ஜென்டினாவின் முதன்மை அணிக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. அதாவது மெஸ்ஸி ஓய்வு பெற்று ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் திரும்பினார். ஊர் உலகமே அழுது, கெஞ்சி, பயிற்சியாளர் பௌசா நேரில் போய்ப் பேசி நடந்த இத்தனையும் ஆட்ட அட்டவணையில் ஒரு கோடுகூட விழாமல் நடந்திருக்கிறது.

அந்த இரவு அந்தச் செய்தியை அடித்தவனுக்கே அது ஒரு வருடமாக நினைவில் தங்கியிருக்கிறது. அத்தனை துக்கமும் 47 நாளில் முடிந்தது என்பதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை போல. மூலத்தைப் பார் என்று உபதேசம் செய்தவன் தன் ஞாபகத்தை மூலமாக வைத்து எழுதியிருக்கிறான், போக்பா குறிப்புக்கு முந்தின நாளே.

நவம்பர் 17

“அப்படியானால் ஸ்லாட்டன் எத்தனை தடவை?” ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சைத்தான் கேட்கிறார். சுவீடன் அணிக்கு 2016-ல் முடித்தார், 2021-ல் திரும்பினார், 2023 ஜூனில் மொத்தமாக நிறுத்தினார். அவர் விஷயத்தில் ஊடகத்தைக் குறை சொல்ல மாட்டேன். தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொள்பவர் அவர், கடவுளின் திட்டங்களை முன்கூட்டிச் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

நவம்பர் 19

இதுவரை எல்லாரும் வெளிநாட்டுப் பத்திரிகையையே திட்டிக்கொண்டிருக்கிறோம். நம் பக்கத்துச் சங்கதி ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. நாம் பயன்படுத்தும் சொல்லே வில்லங்கம்.

‘ஓய்வு’ என்றால் களைப்பாறுவதும் ஓய்வு, வேலையை விட்டே போவதும் ஓய்வு. வீரரை ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைத்தால் ‘அவருக்கு ஓய்வு’. அவர் பூட்ஸைக் கழற்றி மாட்டிவிட்டால் ‘அவர் ஓய்வு’. நடுவில் இருப்பது ஒரு ‘க்கு’. தலைப்பில் இடம் போதாதபோது முதலில் பலியாவது அந்த மாதிரி உருபுதான்.

எங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று நடந்தது. லீக்கில் முக்கியமில்லாத ஒரு ஆட்டம், ஒரு முன்னணி நடுக்கள வீரரைப் பயிற்சியாளர் ஆடவிடவில்லை. நான் ‘இன்னாருக்கு ஓய்வு’ என்று சரியாகத்தான் எழுதி அனுப்பினேன். போனுக்குப் போகும் அறிவிப்பைச் சுருக்குபவர் வேறொருவர், அவர் ‘இன்னார் ஓய்வு’ என்று அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை, அதற்கு மட்டும் ஓய்வே இல்லை. ஒருவர் அழுதார், நிஜமாகவே. நான் நாளைக்கே ஆடிவிடுவார் என்று சமாதானம் சொன்னேன், அவர் நம்பவில்லை, “நீங்கள்தானே போட்டீர்கள்” என்றார். திருத்தம் போட்டோம். முதல் அறிவிப்பு எல்லார் போனிலும் மணியடித்துப் போய்ச் சேர்ந்தது. திருத்தம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போனது. அதற்கும் ஒரு மணியடித்து அனுப்பலாமே என்று கேட்டேன். ஒருமுறை தொந்தரவு செய்தது போதாதா என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் நியாயம் இருந்ததாக அன்றைக்கு எனக்குத் தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இது போக இன்னொன்று: தேசிய அணியிலிருந்து மட்டும் விலகுவதும் ஓய்வு, கிளப், தேசிய அணி எல்லாவற்றையும் விடுவதும் ஓய்வு. டோனி க்ரூஸ் 2021 யூரோ முடிந்ததும் ஜெர்மன் அணிக்கு விடை சொன்னார். ரியல் மாட்ரிட்டுக்கு ஆடிக்கொண்டேதான் இருந்தார். 2024 மார்ச்சில் ஜெர்மன் அணிக்கும் திரும்பினார், அப்புறம் அதே வருடம் மே மாதம் எல்லாமே முடிந்தது, யூரோவோடு சரி என்று அறிவித்தார். ஆக மூன்று செய்தி, மூன்றிலும் ‘ஓய்வு’ என்ற சொல் இருக்கிறது, மூன்றும் மூன்று விஷயம். எதிலிருந்து ஓய்வு என்று தலைப்பில் இல்லாவிட்டால் அந்தத் தலைப்பைப் பாதிதான் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நவம்பர் 20

நேற்று எழுதியதன் வால். வால் என்றே சொல்லலாம், ஏனென்றால் விஷயமே வாக்கியத்தின் வாலைப் பற்றியது.

2021 அக்டோபரில் நெய்மார் ஒரு ஆவணப்படத்துக்காகப் பேசும்போது, 2022 தன் கடைசி உலகக் கோப்பையாக இருக்கும் என்று நினைப்பதாகவும், அதற்கு மேல் கால்பந்தைத் தாங்கும் மனவலிமை இருக்குமா தெரியவில்லை என்றும் சொன்னார். மனிதர் களைத்துப்போய்ப் பேசுகிறார், சந்தேகத்தோடு பேசுகிறார். தமிழில் அந்தச் சந்தேகம் எங்கே உட்காருகிறது பாருங்கள்: ‘கடைசி உலகக் கோப்பையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.’ கடைசியில். தலைப்பு போடுபவன் எங்கே வெட்டுவான்? கடைசியில்தான். ‘என்று நினைக்கிறேன்’ போனால் மிச்சம் இருப்பது பிரகடனம்.

2022-ல் குரோஷியாவிடம் தோற்று அழுதபோதும் அதே தலைப்புகள் தூசி தட்டி வெளியே வந்தன. 2023 செப்டம்பரில் அதே நெய்மார் பொலிவியாவுக்கு எதிராகக் கோல் போட்டு பீலேயின் கோல் கணக்கைத் தாண்டினார். இப்போது 2026 அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறார்.

‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தகவல்’ இரண்டையும் ஒருவர் கிண்டல் செய்திருந்தார். நானும் செய்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வால் இருக்கும் வரைக்கும் செய்தி ஓரளவு நாணயமாகவே இருக்கிறது. யார் கூறியது என்று சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. கேள்விக்குறி போட்ட தலைப்புதான் எனக்கு ஒத்துவராது. ‘ரொனால்டோ ஓய்வு?’ என்றால் என்ன அர்த்தம், எங்களுக்கும் தெரியாது, நீங்கள் உள்ளே வந்தால் சேர்ந்து தெரியாமல் இருக்கலாம் என்றா?

நவம்பர் 23

“உடனே இவ்வளவு பெரிய கட்டுரை எப்படிப் போடுகிறார்கள், முன்னாலேயே தெரியுமா?” என்ற கேள்விக்கு. தெரியாது. எழுதி வைத்திருப்பார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லா நட்சத்திரங்களுக்கும் ஒரு கட்டுரை அரை வேக்காட்டில் காத்திருக்கும். நாள், வயது, கடைசி ஆட்டம் மூன்றுக்கும் இடம் விட்டிருக்கும். இரங்கல் கட்டுரை மாதிரிதான், ஆள் மட்டும் உயிரோடு இருப்பார்.

என்னிடம் இத்தாலி கோல்கீப்பர் பஃபன் பற்றிய கட்டுரை இருந்தது. 2017 நவம்பரில் இத்தாலி சுவீடனோடு கோல் இல்லாமல் முடித்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த இரவு அதை எழுதினேன். மைக் முன்னால் அழுதுகொண்டே தேசிய அணிக்கு இது கடைசி என்றார், நானும் மேசையில் உட்கார்ந்து உணர்ச்சி பொங்க எழுதினேன். மார்ச் மாதம் அர்ஜென்டினாவோடு நட்பு ஆட்டத்தில் அதே பஃபன் கோலில் நின்றார். சரி, தேசிய அணிப் பகுதியைத் திருத்தினேன். 2018 மே மாதம் தன் கிளப்பான யுவென்டஸை விட்டுப் போகிறேன் என்று செய்தியாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மேலதிகாரி, எடு அந்தக் கட்டுரையை என்றார். எடுத்தேன், வயதுக்கு விட்ட இடத்தில் 40 போட்டேன். அதற்குள் அவர் பேச்சின் மறுபாதி வந்தது: நிறுத்துவது என்றுதான் இருந்தேன், இப்போது சில அழைப்புகள் வந்திருக்கின்றன, யோசிக்கிறேன். 40-ஐ அழித்தேன். சில இடங்களில் அழிக்கவில்லை, அங்கே பஃபன் அன்றைக்கே ஓய்வு பெற்றுவிட்டார். நிஜத்தில் பாரிஸ், திரும்ப யுவென்டஸ், அப்புறம் தொடங்கிய இடமான பார்மா என்று போய் 2023 ஆகஸ்டில்தான் கையுறையைக் கழற்றினார். அப்போது வயது 45, நான் வேலையை விட்டே நாலு வருடம் ஆகியிருந்தது. எங்கள் இருவரில் முதலில் ஓய்வு பெற்றவன் நான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதி வைத்த கட்டுரை சும்மா கிடக்காது. அது இருப்பதாலேயே போடத் தோன்றும். வீரர் வாயிலிருந்து ‘கடைசி’ என்ற சொல் வருமா என்று காது அதற்காகவே தயாராக இருக்கும். நான் அப்படித்தான் கேட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேர வேலை வீணாகக் கூடாதே என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

நவம்பர் 27

எதிர்ப்பக்கத்தையும் போட வேண்டும், இல்லையென்றால் நான் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன்.

அர்ஜென்டினா முன்கள வீரர் செர்ஹியோ அகுவேரோ. 2021 அக்டோபர் 30, பார்சிலோனாவுக்காக அலாவேஸோடு ஆடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மூன்று மாதம் ஆட மாட்டார் என்றது கிளப். நவம்பர் நடுவில் காட்டலோனியா வானொலி, அவர் ஓய்வு பெற வேண்டிவரலாம் என்று சொன்னது. உடனே அகுவேரோ எழுதினார்: வதந்திகள் வருகின்றன, மருத்துவர்கள் சொன்னபடி நடக்கிறேன், 90 நாளில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ரசிகர்கள் கொண்டாடினார்கள், அந்த வானொலியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன், போக்பா விஷயத்தில் பட்ட சூடு ஆறாத நேரம், வீரர் மறுத்துவிட்டார், அப்புறம் என்ன?

டிசம்பர் 15 அன்று பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நௌவில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். வயது 33. வானொலி சொன்னது சரி.

ஆனால் அகுவேரோ பொய் சொன்னாரா? அவர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். ஓய்வு பெற மாட்டேன் என்று எங்கேயும் இல்லை. பார்ப்போம் என்றுதான் இருக்கிறது. வானொலியும் ‘வரலாம்’ என்றுதான் சொன்னது. இரண்டு பேரும் ஜாக்கிரதையாகப் பேசியிருக்கிறார்கள், நாங்கள்தான் ஒருவர் மறுத்தார், ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று படித்தோம். நவம்பர் 20-ல் தலைப்பு போடுபவன் வாலை வெட்டுகிறான் என்று எழுதினேனே, படிக்கிறவனும் வெட்டுகிறான்.

அதனால் 13-ஆம் தேதி சொன்ன ‘தொல்லை’யை இப்போது கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒருவர் கோல் போட்டாரா இல்லையா என்பது நடந்த விஷயம், பார்த்துச் சொல்லிவிடலாம். ஓய்வு ஒரு மனிதரின் எண்ணம். பிற்பாடு பலித்ததா என்று பார்த்து ஊடகத்துக்கு மார்க் போட்டால் மெஸ்ஸி செய்தி தப்பாகிவிடும், அது தப்பு இல்லை. எண்ணத்தை யார், எப்போது, எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று ஒழுங்காகச் சொன்னார்களா என்று பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். அந்தக் கணக்கில் அந்த வானொலி தேறிவிட்டது, போக்பா செய்தி போட்டவர்கள் தேறவில்லை, என் வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்து.

நவம்பர் 27, இன்னொன்று

யாருக்குமே தெரியாமல் நடந்ததும் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் நடுக்கள வீரர் பால் ஸ்கோல்ஸ் 2011 மே மாதம் ஓய்வு. 2012 ஜனவரி 8, மான்செஸ்டர் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம், மாற்று வீரர் பட்டியலில் அவர் பெயர். உடை மாற்றும் அறையில் பார்த்தபோதுதான் சகவீரர்களுக்கே தெரியுமாம். பூட்ஸ் நிறுவனத்தோடு இருந்த விளம்பர ஒப்பந்தம் முடிந்துபோயிருந்ததால் கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் நாற்பது பவுண்டுக்கு ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். எத்தனை ‘நெருங்கிய வட்டாரங்கள்’ இருந்தன அந்த ஊர் பத்திரிகைகளுக்கு! ஒருவரும் அந்தக் கடையில் நிற்கவில்லை.

டிசம்பர் 1

“சமூக ஊடகம் வந்த பிறகுதான் இந்தச் சீரழிவு, அந்தக் காலத்தில் வீரர்கள் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.”

பீலே 1971 ஜூலையில் மரக்கானாவில் பிரேசில் அணிக்கு விடை சொன்னார். 1974 அக்டோபர் 2 அன்று தன் கிளப்பான சான்டோஸ் ஆட்டத்தின் நடுவில் மைதான மையத்தில் மண்டியிட்டுக் கைகளை விரித்து விடை சொன்னார். எட்டு மாதம் கழித்து நியூயார்க் காஸ்மோஸில் சேர்ந்தார். 1977 அக்டோபர் 1 அன்று காஸ்மோஸுக்கும் சான்டோஸுக்கும் நடந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு பாதி ஆடி மறுபடி விடை சொன்னார். மூன்று தடவையும் பத்திரிகைகள் உருகி உருகி எழுதின.

மாறியது என்னவென்றால், இப்போது வீரர் நம் போனிலேயே நேராகப் பேசுகிறார். சுனில் சேத்ரி 2024 மே 16 அன்று ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோவில் தானே உட்கார்ந்து சொன்னார். ஊகத்துக்கு இடமே இல்லை, என்றைக்கு, எந்த ஆட்டம், எல்லாம் அதிலேயே இருந்தது. ஜூன் 6 அன்று குவைத்தோடு ஆடி முடித்தார். 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். வந்து ஆடியதைக் குறை சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் பார்த்தேன். இடைத்தரகர் போனால் செய்தி நிலைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பதில்.

டிசம்பர் 4

எல்லாரும் எப்போது என்பதையே பேசுகிறோம். ஏன் என்பதில்தான் ஊடகம் அதிகம் கோட்டை விடுகிறது என்பது என் எண்ணம், நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோஹான் கிரைஃப் 1977-ல் நெதர்லாந்து அணியிலிருந்து விலகினார், 1978 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. போட்டி நடந்தது ராணுவ ஆட்சியில் இருந்த அர்ஜென்டினாவில். ஆகவே அது அரசியல் எதிர்ப்பு என்று எழுதினார்கள். அது அழகான காரணம், கட்டுரைக்குத் தோதான காரணம். வேறு சிலர், 1974-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகை கிளப்பிய நீச்சல்குள விருந்துக் கதையால் வீட்டில் போக விடவில்லை என்று எழுதினார்கள். இரண்டும் முப்பது வருடம் உண்மையாக உலவின. 2008-ல் காட்டலோனியா வானொலியில் கிரைஃபே சொன்னார்: பார்சிலோனாவில் வீட்டுக்குள் புகுந்து தலையில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், கடத்த முயற்சி நடந்திருக்கிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகவே போலீஸ் காவல் தேவைப்பட்டிருக்கிறது. அந்த நிலைமையில் குடும்பத்தை விட்டுவிட்டு உலகக் கோப்பைக்குப் போகும் மனநிலை அவருக்கு இல்லை.

நானே இரண்டு தடவையாவது அவரை அரசியல் காரணத்துக்காக விலகிய மாவீரன் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறேன், அதுவும் 2016-க்குப் பிறகு, உண்மை வெளிவந்து எட்டு வருடம் கழித்து. பழைய கட்டுரையைப் பார்த்துப் புதுக் கட்டுரை எழுதினால் இப்படித்தான்.

வீரர் வாய் திறக்காவிட்டால் உதட்டைப் படிக்கவும் ஆள் வைப்பார்கள். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, பிரான்சின் ஸிடான் தன் கடைசி ஆட்டத்தில் இத்தாலியின் மட்டராஸியை முட்டிவிட்டுச் சிவப்பு அட்டையோடு போனார். மட்டராஸி என்ன சொன்னார் என்று உதடு படிப்பவர்களை வைத்துச் சில பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. மட்டராஸி வழக்குப் போட்டார், அவை பிற்பாடு மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தன. சொல்லாததை உதட்டில் படித்தார்கள், நெய்மார் விஷயத்தில் சொன்னதையே படிக்கவில்லை.

டிசம்பர் 10

இரண்டு விஷயம்.

பஃபன் குறிப்பைப் படித்துவிட்டுப் பழைய சகா ஒருவன் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பிவைத்தான், அங்கே இன்னும் கிடந்ததாம். கோப்பின் பெயர் ‘பஃபன் ஓய்வு இறுதி புதிய இறுதி’. திறந்தேன். வயதுக்கு விட்ட இடம் காலியாகத்தான் இருக்கிறது. முதல் வரி: ‘இனி அவரைக் கோல் கம்பங்களுக்கு இடையில் பார்க்க முடியாது.’ எழுதிய தேதிக்குப் பிறகு அவர் ஐந்து வருடத்துக்கும் மேல் அங்கேதான் நின்றிருக்கிறார்.

அப்புறம், முதல் கேள்வி கேட்டவர் இன்று காலை மறுபடி எழுதியிருக்கிறார். வேறொரு வீரரைப் பற்றி அவர் போனில் வந்த அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பி, இதை நம்பலாமா என்கிறார். படத்தில் ‘ஓய்வு பெற…’ வரைக்கும்தான் தெரிகிறது. பெற்றாரா, பெறுவாரா, பெற மறுத்தாரா? மிச்சத்தையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.